வெள்ளிக்கிழமை பத்து மணி

என் வீட்டுக் கதவுக்கு அலாரம் வைத்த கதையை யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் உச்சந்தலை சூடாகிவிடும். கேட்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள், "ஏனுங்க்கா, உங்கூட்டுக் கதவ ஆராச்சும் தொட்டா போன்லயே தெரிஞ்சுருமாமே, நாங்களும் ஒண்ணு வெக்கலாம்னு இருக்கறோம்" என்பார்கள். வையுங்கள் தாயே, தாராளமாக வையுங்கள், திருடன் மாட்டுகிறானோ இல்லையோ வீட்டுக்காரி மாட்டுவாள் என்று நாக்கு நுனி வரை வரும். முழுங்கிவிட்டு இன்ச் டேப்பை எடுப்பேன்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. என் வீட்டுக்காரருக்கு போர்வெல் வண்டித் தொழில். பொங்கலுக்கு வருவார், மழைக்கு வண்டி திரும்பும்போது ஆடியில் வருவார். மற்ற மாதமெல்லாம் சத்தீஸ்கர், ஒரிசா என்று குழி போடுகிற இடமாகப் பார்த்து அலைச்சல். மகள் சேலத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ஆக, வருஷத்தில் முக்கால்வாசி நாள் வீட்டில் நானும் என் தையல் மெஷினும்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. எனக்குப் பயமும் இருந்ததில்லை, குறையும் இருந்ததில்லை.

கார்த்திகையில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்த அடுத்த தெரு வீட்டில் பின்கதவை நெம்பி நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்தவர், மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாளே சூரமங்கலத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். முன்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவராம், இப்போது கேமரா, அலாரம் என்று மாறிக்கொண்டாராம். நிதானமான மனிதர்.

அவர் கொண்டுவந்தவை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக ஒரு சின்னக் காந்தத் துண்டு. காந்தம் கதவில், பெட்டி நிலையில். கதவு திறந்து காந்தம் விலகினால் பெட்டி போனுக்குச் சேதி சொல்லும். அதோடு நிறுத்தியிருந்தால் என் பிழைப்பு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பெட்டியைத் திருப்பி முதுகைக் காட்டினார். அரிசி அளவுக்கு ஒரு ஸ்பிரிங் பொத்தான் இருந்தது.

"வெவரமான திருடனா இருந்தா மொதல்ல இந்தப் பொட்டியத்தானுங்க நெம்புவான். அதுக்குத்தான் இந்த ஸ்பிரிங்கு. ஒட்டுன எடத்த உட்டு நூலளவு வெலகுனாலும் சொல்லிப்போடும். மத்ததப் பகல்ல ஆஃப் பண்ணி வெச்சுக்கலாம். இத மட்டும் ஆஃப் பண்ண முடியாதுங்க, இருவத்தி நாலு மணி நேரமும் முழிச்சுட்டேதான் இருக்கும்" என்றார்.

"தொட்டாச்சிணுங்கியாட்டங்களா?" என்று கேட்டேன்.

"அதேதானுங்க்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பின்கதவிலும் ஜன்னல்களிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டு, முன்வாசலுக்கு வந்து டிரில்லரைக் கையில் எடுத்தார். இவர் குறுக்கே பாய்ந்தார். "நெலவுலயா? அதெல்லாம் ஆகாதுங்க. பூச போட்டு நிறுத்துன நெலவு." வாசல் நிலையைத்தான் எங்கள் பக்கம் நெலவு என்போம். வீடு கட்டும்போது நல்ல நேரம் பார்த்து, அடியில் நவதானியமும் பொட்டுத் தங்கமும் போட்டு, சொந்தபந்தத்தைக் கூட்டி நிறுத்திய நிலை. அதில் ஓட்டை போட இவருக்கு மனசு ஒப்பவில்லை. "டேப்புல ஒட்டுனா அத்தன கெட்டியா நிக்காதுங்களே" என்று அந்த ஆள் இழுத்தார். "நிக்கும், ஒட்டுங்க" என்றார் இவர். மேல்சட்டம் முழுக்கக் கஜலட்சுமியும் தாமரைப்பூவுமாகச் செதுக்கியிருக்கும், சமமான இடம் கிடையாது. அதனால் பக்கச் சட்டத்தில், என் மார் உயரத்துக்கு, இரண்டு பக்கமும் பசை உள்ள டேப்பை வைத்து அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

சேதியெல்லாம் இவர் போனுக்கு மட்டும்தான். என் போனிலும் ஏற்றட்டுமா என்று அந்த ஆள் கேட்டதற்கு, "அவளுக்கு எதுக்குங்க தலவலி, நான் பாத்துக்கறேன்" என்றுவிட்டார். எனக்கும் அது அக்கறையாகத்தான் பட்டது. என் புத்தியை எதால் அடிப்பது!

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நிலையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. பெட்டி வந்த பிறகு அதன்மேல் கை படாமல் சுற்றி வளைத்துப் பூசப் பழகியிருந்தேன். அன்றைக்கும் அப்படித்தான் பூசினேன். பத்து மணி வாக்கில் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது இவர் கூப்பிட்டார்.

"ஏம் புள்ள, கதவுல இருந்தத கழட்டுனியா?"

"எதைங்க?"

"அந்த சென்சாரத்தான். முன்வாசல்ல இருக்கறது."

"நான் எதுக்குங்க அதக் கழட்டறேன்? எனக்கு வேற வேல இல்லையா?"

"போன்ல வந்துருக்குதே."

எழுந்து போய்ப் பார்த்தேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்தில் இருந்தது. அப்படியே சொன்னேன். "சரி சரி" என்று வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே பத்து மணி, அதே கேள்வி. மிஷினு மக்கர் பண்ணுதுங்க என்றேன். அதற்கும் சரி என்றார். மூன்றாவது வெள்ளிக்கிழமை குரல் மாறிவிட்டது.

"ஏம் புள்ள, இது வெள்ளிக்கெழம மட்டுந்தான் வருது. அதுவும் பத்து மணிக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டுங்க?"

அவருக்குப் பின்னால் போர்வெல் வண்டியின் கம்ப்ரசர் இரைந்தது.

"ஊட்டுக்கு ஆராச்சும் வாராங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அளவு கொடுக்கிறதற்கும் துணி வாங்குகிறதற்கும் நாள் முழுக்கப் பெண்கள் வருகிறார்களே என்றேன். "அவங்களச் சொல்லல" என்றார். பிறகு, "சரி, உடு, வேல கெடக்குது" என்று வைத்துவிட்டார். நான் மறுபடி மெஷினில் உட்கார்ந்து மிதித்தேன். ஒரு கை முழுக்கத் தைத்த பிறகுதான் உறைத்தது. பகலில் அலாரம் அடிக்காவிட்டாலும் கதவு திறந்ததெல்லாம் அவர் போனில் பதியும்; பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டால் பதியாது. அவருக்குத் தெரியக்கூடாத ஒரு ஆளுக்காக வெள்ளிக்கிழமை தோறும் பத்து மணிக்கு நான் கதவைத் திறக்கிறேன். இதைத்தான் என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

அடக் கெரகமே! இருபத்திரண்டு வருஷத்தில் வருஷத்துக்குப் பத்து மாதம் அவர் எங்கே தங்குகிறார், யார் சோறு போடுகிறார்கள், அங்கே கதவு என்று ஒன்று இருக்கிறதா, அதை யார் திறக்கிறார்கள் என்று நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருப்பேனா? கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் அது எனக்கே அசிங்கம் என்று இருந்தேன். இவருக்கு என்னடா என்றால் அரிசி அளவு ஸ்பிரிங் ஒன்று எகிறினதும் இத்தனை வருஷத்துப் பொண்டாட்டிமேல் சந்தேகம்.

போனில் வருகிற சேதியில் என்னதான் எழுதியிருக்கிறது என்று அவரிடம் வாங்கி மகளுக்கு அனுப்பிக் கேட்டேன். 'டேம்பர்' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லாம். "ஆரோ வேணும்னே கைய வெச்சு நோண்டறாங்கன்னு அர்த்தம்மா" என்றாள். எப்படி இருக்கிறது பாருங்கள்! அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பிரிங் விலகிய ஒரு சங்கதிதான். காற்றில் விலகியதா, கையால் விலகியதா, யார் கை, எதற்கு, எதுவும் அதற்குத் தெரியாது. ஆனால் சொல்லும்போது மட்டும் நேரில் பார்த்த சாட்சி மாதிரி, வேண்டுமென்றே நோண்டுகிறார்கள் என்று சொல்லும். "எதுக்கும்மா கேக்கறீங்க?" என்று மகள் கேட்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்வது? சும்மா என்றேன்.

நான்காவது வெள்ளிக்கிழமை ஒரு வேலையும் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கே முக்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு, பெட்டியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஈ கூட வந்து உட்காரவில்லை. பத்தைத் தாண்டி ஏழெட்டு நிமிஷம் இருக்கும், பெட்டி மூலையில் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கென்றது. போன் அடித்தது. "கழட்டுனியா?" நான் உடனே வீடியோவை அனுப்பினேன், பாருங்க, கண்ணால பாருங்க என்று. பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "முன்னாடிதான் தெரியுது. பின்னாடி என்ன பண்ணுனன்னு தெரியலையே" என்றார். பின்னால் சுவர் இருக்கிறது சாமி! சுவருக்குள்ளேயா நான் போய் உட்கார்ந்திருக்கிறேன்?

ஐந்தாவது வாரம் இவருடைய சித்தப்பா மகன் வந்து நின்றார். எங்கள் தெருக்கோடியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். வருஷத்துக்கு இரண்டு தடவை வாசலில் தலையைக் காட்டினால் பெரிய விஷயம். அன்றைக்குப் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பைக்கை நிறுத்தி, "சும்மாங்கண்ணி, இந்தப் பக்கமா வந்தேன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன். மோரைக் குடித்துக்கொண்டே கண் ஒவ்வொரு அறைக் கதவாகப் போய்க்கொண்டிருந்தது. பத்தேகாலுக்கு அவர் போன் அடித்தது. எடுத்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "இல்லீங்கண்ணா, ஆரும் இல்லீங்க" என்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க கொழுந்தனாரே, சமையக்கட்டு பாக்கலயே நீங்க? உள்ளாற வாங்க. கட்டலுக்கடியில பாருங்க, பீரோவத் தொறந்து உடறேன், அதுக்குள்ளயும் பாத்துப்போட்டுப் போங்க. உங்கண்ணன்கிட்ட ஒண்ணு உடாமச் சொல்லோணுமில்ல?" என்று கத்திவிட்டேன். அந்த மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கண்ணி, போய்ப் பாத்துட்டு வான்னாரு, வந்தேன்" என்று செருப்பைத் தேடினார். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு நானே அவல் அள்ளிக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் இவரோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் வீட்டிலேயே இல்லாமல் போய்விட்டால்? பூட்டிய வீட்டிலும் பத்து மணிக்கு அந்தச் சனியன் அடித்தால், கோளாறு அதனிடம்தான் என்று இவருக்கே விளங்கிவிடும். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்கு அந்த யோசனையில் அத்தனை சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல் நிலையைக் கழுவிப் பூசிப் பொட்டு வைத்தேன். யாரிடமும் சொல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து நாமக்கல் போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பத்தடிக்க வேண்டும், அது அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்ற பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பத்து பத்துக்கு அடித்தது.

"கழட்டுனியா?"

"நான் நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல நிக்கறனுங்க. கேக்குதா ஆரன் சத்தம்? சேலம் சேலம்னு கத்தறாங்க பாருங்க, கேக்குதா? காலைல எட்டரைக்கே ஊட்டப் பூட்டிட்டு வந்துட்டேன். இப்ப என்ன சொல்றீங்க?"

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"அப்ப சாவிய ஆருகிட்டக் குடுத்த?" என்றார்.

என்ன சொல்ல! குதிரை கீழே தள்ளியது போதாது என்று குழியும் பறித்தது. பக்கத்தில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்து, "என்ன கண்ணு, ஊட்ல ஏதாச்சுமா?" என்று கேட்டது. அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. ஒண்ணும் இல்லீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். சாவி என் பர்ஸுக்குள்தான் இருந்தது. வழி முழுக்க அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்து அந்தச் சூரமங்கலத்து ஆளுக்கு நானே போன் போட்டேன். நாளைக்கு வாரேன் என்றார். "நாளைக்கு வந்தா அது புள்ளப்பூச்சியாட்டம் சும்மாத்தாங்க இருக்கும். வாற வெள்ளிக்கெழம பத்து மணிக்கு வாங்க" என்றேன். சொன்ன சொல் தவறாமல் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்.

வந்தவர் பெட்டியைத் தொடவில்லை. முதலில் நிலையைத்தான் மேலும் கீழும் பார்த்தார். பூசிய மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு ஒரு மெல்லிய தகட்டைப் பெட்டிக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டு மெதுவாக இழுத்தார். தகடு மஞ்சள் குழைசலாக வெளியே வந்தது. அவர் அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இது மரத்துல ஒட்டவே இல்லீங்க. மஞ்சள்ல ஒட்டியிருக்குது."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்கு ஒரே மூச்சில் விளங்கியது. பொங்கலுக்குத் தடிமனாகப் பூசியிருந்தேன். அதற்கடியில் வருஷக்கணக்காகப் பூசியது படிந்து கிடந்தது. துணியால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு அதன்மேலேயே டேப்பை ஒட்டியிருக்கிறார். நான் வெள்ளிக்கிழமை நிலையைக் கழுவும்போது அந்தப் பழைய மஞ்சள் உள்ளே ஊறும்; முதல் ஒரு மாதம் தாங்கிவிட்டு, பிறகு இளகத் தொடங்கியிருக்கிறது. ஊறினதும் உடனே ஒன்றும் ஆகாது. மூன்று நான்கு மணி நேரம் கழித்து, பெட்டி தன் கனத்தில் ஒரு நூல் இறங்கி முன்னால் வரும். முதுகில் இருக்கிற ஸ்பிரிங் எகிறிவிடும். வெயில் ஏறிக் காய்ந்ததும் மஞ்சள் இறுகி, பெட்டியைப் பழையபடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. "நான் அன்னைக்கே ஸ்க்ரூ போடறேன்னனுங்களே, சார்தான் நெலவுல வேண்டாம்னுட்டாரு" என்றார். ஆமாம், சார்தான் வேண்டாம் என்றார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மினுக்கியது. என் போன் அடிப்பதற்குள் அவரே தகட்டைப் போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, நான் மேலே எழுதியிருக்கிறதில் பாதி கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

"அட, மஞ்சளா!" என்று இவர் சிரித்தார். எத்தனை வாரம் கழித்துச் சிரிக்கிறார்! "அவ்வளவுதானா! நான் என்னமோன்னு நெனச்சுப்போட்டேன்."

நான் குனிந்து போனிடம் கேட்டேன். "என்னமோன்னா என்னங்க?"

"அட, உடு புள்ள."

"இல்ல, சொல்லுங்க. என்னன்னு நெனச்சீங்க?"

"இங்க சிக்னலு சரியில்ல" என்றார். உடனே அந்த ஆளிடம் மட்டும் சிக்னல் சரியாகிவிட்டது. "ஏனுங்க, ரெண்டு ஸ்க்ரூவே போட்டுருங்க. நெலவுல சின்ன ஓட்டதான, ஒண்ணும் ஆயிராது. அவளயும் இனிமே தண்ணி ஊத்தாம ஈரத்துணில தொடச்சு உடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒன்றரை மாதமாக நான் சொன்னேன், கத்தினேன், படம் பிடித்து அனுப்பினேன், பஸ் ஏறிப் போய் நின்று காட்டினேன். ஒன்றையும் நம்பவில்லை. ஒரே ஒரு தடவை முகம் பார்த்த ஓர் ஆள் மஞ்சள் ஒட்டிய தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினதும் நம்பிவிட்டார். கோபத்தைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த ஆள் டிரில்லருக்கு பிளக் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாங்க, அப்புறமாப் பாத்துக்கலாம். நீங்க வந்ததுக்கு ரொம்ப சந்தோசங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் டிரில்லரைப் பையில் போட்டார். டீ கொடுத்தேன். குடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் தெரு முனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய் தோசைக்கரண்டியை எடுத்து வந்தேன். பெட்டிக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு. ஒரு பிடி பழைய மஞ்சளோடு பெயர்ந்து கையில் விழுந்தது. கதவில் இருந்த காந்தத்தையும் நெம்பி எடுத்தேன். இரண்டையும் துணி வெட்டுகிற மேஜைமேல் வைத்துவிட்டு, போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"என்ன புள்ள, மறுபடியும் வந்துருக்குது. அவரு ஸ்க்ரூ போடறாரா?"

"அவரு போயிட்டாருங்க."

"அப்பறம்? கழட்டுனியா?"

"ஆமாங்க. இன்னிக்கு நாந்தான் கழட்டுனேன்."

"எதுக்கு?" என்றார். நான் பெட்டியில் ஒட்டியிருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினேன். "இங்க பாரு, நீ ஒண்டியா இருக்கற ஊடு. நாளைக்குத் திருடன் வந்தா என்ன பண்ணுவ?"

"வந்தா வரட்டுங்க" என்றேன். "எடுக்கறத எடுத்துட்டுப் போவான். ஊட்டுக்கு ஆரு வந்தாங்கன்னு எங்கிட்டக் கேக்க மாட்டான்."